பார்க்குக்குப் போவது பிழையில்லை, இரவிரவாகத் திரும்புவதுதான் பிழை

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏசுங்கள்.

லீவு கிட்டினால் நமது கிழக்கு ஊர்களில் ட்ரிப் பேச்சு தொடங்கிவிடும். பாடசாலை, மத்ரஸா, டியூஷன் வகுப்பு, விளையாட்டுக் கழகம், யார் ஏற்பாடு செய்தாலும் பட்டியல் ஒன்றுதான். இரவு 10 மணிக்கு பஸ் வெளிக்கிடும். காலையில் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. அடுத்து தாமரைக் கோபுரம். காலிமுகத்திடலில் அரை மணித்தியாலம். பின்னேரம் ஹங்வெல்லப் பக்கம் லீஷர் வேர்ல்ட். அங்கிருந்து இரவோடு இரவாக ஊருக்கு. ஒரு பகல், இரண்டு இரவு. நித்திரை முழுக்க பஸ் சீற்றில்.

பார்க்கே தேவையில்லை என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. வருடம் முழுக்க பாடம், டியூஷன், பரீட்சை என்று ஓடும் பிள்ளைக்கு ஒரு பின்னேரம் தண்ணீரில் கும்மாளம் போட உரிமை இருக்கிறது. பெருநாளன்று அபிசீனியர் விளையாடியதை ஆயிஷா நாயகிக்குப் பார்க்கக் காட்டியவர் நமது நபி (ஸல்). விளையாட்டை மார்க்கத்துக்கு எதிரியாக நிறுத்த வேண்டாம்.

என் சண்டை அந்தப் பட்டியலோடு.

கணக்கைப் பாருங்கள். அக்கரைப்பற்றிலிருந்து ஹங்வெல்லைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். பார்க்கை விட்டு 7 மணிக்கு வெளியே வந்து, எல்லோரையும் எண்ணி, சாப்பிட்டு ஏறும்போது 8.30. ஊர் வந்து சேர விடியப்புறம் ஆகிவிடும். சாரதி யார்? முதல்நாள் இரவும் ஓட்டிய அதே மனிதர். பிள்ளைகள் மிருகக்காட்சிசாலை பார்த்த நேரத்தில் வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் கொஞ்சம் கண்ணயர்ந்தவர். அவர் தூங்கிவிடாமல் இருக்க நாம் செய்யும் ஏற்பாடு என்ன? பாட்டைச் சத்தமாகப் போடுவது, பக்கத்தில் ஒரு சேரை இருத்திப் பேசவைப்பது. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கெரண்டி எல்லயில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன பஸ் பள்ளத்தில் விழுந்தது. 20இற்கும் மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். அதே வருடம் செப்டம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகரசபை ஊழியர்கள் போன சுற்றுலா பஸ் விழுந்து 15 உயிர் போனது. காரணம் வேறு வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டும் மலைப்பாதை, இரண்டும் இருட்டு. அந்தப் படங்களை நாமும்தான் பகிர்ந்தோம், துஆக் கேட்டோம். அடுத்த லீவுக்கு அதே இரவு பஸ்ஸையே பேசுகிறோம்.

"எல்லாம் தக்தீர்" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

சரி, வேறு எப்படிப் போவது? நான் சொல்வது இதுதான்.

சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிடுங்கள். நமது ஊர்களுக்குள்ளால் போகும் ஏ4 வீதிதான் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை வழியாக ஹங்வெல்லைக்குப் போகிறது. கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. மலை வளைவுகள் எல்லாம் பகல் வெளிச்சத்தில் கழிந்துவிடும். பின்னேரம் 2 மணிபோல் சேரலாம். வழியில் லுஹரையும் அஸரையும் ஜம்உ கஸ்ராகத் தொழுதுவிட்டால், உள்ளே போன பிள்ளையை அஸருக்கென்று பாதியில் இழுத்தெடுக்க வேண்டியதில்லை. மாலை வரை விளையாடட்டும். வெளியே வந்து மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். பயணிக்கு மார்க்கம் தந்த சலுகை இதற்குத்தானே.

இரவு அந்தப் பக்கமே தங்குங்கள். பாடசாலை மண்டபமோ மத்ரஸாவோ, முன்கூட்டியே கடிதம் கொடுத்துக் கேட்டால் இடம் தர ஆட்கள் இருக்கிறார்கள். சாரதிக்குப் படுக்க முதலில் இடம் ஒதுக்குங்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டோடு வெளிக்கிட்டால் மஃரிபுக்கு முன் வீடு. மிருகக்காட்சிசாலை அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும்.

போகமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எத்தனை மணிக்கு மூடுகிறார்கள்? எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்? தண்ணீரில் இறங்க என்ன உடுப்பு? பருத்தி உடுப்போடு நீச்சல் தடாகத்தில் விடாத இடங்கள் உண்டு. உடலை மூடிய நீச்சல் உடை போடலாமா என்று இங்கேயே கேட்டு உம்மாமாருக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடப்பது நமக்குத் தெரியும். பொடியன்மார் தண்ணீரில். அதே காசு கட்டிய பெண்பிள்ளைகள் கரையில், செருப்புக்கும் பேக்குக்கும் காவல்.

ஏப்ரலில் போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்த மாதம் மேல் மாகாணத்திலும் சப்ரகமுவவிலும் பின்னேர இடிமழை சாதாரணம். மின்னல் வந்தால் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து உடனே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் யார் எந்தப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு என்பது பஸ் ஏறமுன் தாளில் இருக்க வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெயர். "எல்லா டீச்சர்மாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

"தங்கினால் செலவு கூடும்" என்பார்கள். இரண்டு இடத்து டிக்கட் காசு மிச்சம், கொழும்பு நெரிசலில் எரியும் டீசல் மிச்சம். அப்படியும் கூடினால் ஊரில் கேளுங்கள். கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கொடுக்கும் ஊர், நாலு ஏழைப் பிள்ளைகளின் பயணத்துக்குக் கொடுக்காதா? தயவுசெய்து வகுப்பில் "காசு கட்டாதவர்கள் எழும்புங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ட்ரிப் போகாத கவலையைவிட எழும்பி நின்ற கவலை பெரிது.

வாப்பாமாரே, உம்மாமாரே, சம்மதக் கடிதத்தில் கையொப்பம் போடமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பஸ் இரவில் எத்தனை மணி வரை ஓடும்? சாரதி எங்கே, எவ்வளவு நேரம் தூங்குவார்? என் பிள்ளைக்குப் பொறுப்பான ஆசிரியர் யார்?

பதில் இல்லையென்றால் கையொப்பம் போடாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.