தவளைதானே என்று தள்ளிவிடலாமா?

அரசியல் ஏட்டிலே தவளைக்கு இடமா என நகைப்போர் இருத்தல் கூடும். நகைத்து முடித்தபின் நாம் கூறுவதைச் சிறிது செவிமடுக்குமாறு வேண்டுகின்றோம்.

இலங்கையின் ஈரவனங்களில், நிழல் படர்ந்த ஓடைக் கரைகளில், வெண்கல நிறத் தவளையொன்று வாழ்கின்றது. 1864ஆம் ஆண்டில், இலண்டன் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த அல்பேட் குந்தர் இதற்கு 'டெம்பொராலிஸ்' எனப் பெயரிட்டார். பின்னர் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் இதே இனமென்று நெடுங்காலம் எழுதப்பட்டன. 2014இல் எஸ். டி. பிஜு முதலான இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்புநோக்கி, டெம்பொராலிஸ் இலங்கைக்கே உரியது என நிறுவினர். இத்தீவிலேயே வாழும் இன்னோர் இனத்தையும் வேறு பிரித்து, 'செரெண்டிப்' என்னும் இத்தீவின் பழம்பெயரால் 'செரெண்டிபி' என அழைத்தனர்.

பெயர் மாறியதால் வந்ததென்ன? கடமை மாறியது. இரு நாடுகளில் வாழும் உயிரெனில், இங்கு குறைந்தாலும் அங்கு உண்டு என ஆறுதல் கொள்ளலாம். இங்கன்றி வேறெங்கும் இல்லாத உயிருக்கு அவ்வாறுதல் ஏது? இஃது வீண் அச்சமன்று. உலகில் அற்றுப்போனவையெனப் பதிவான தவளையினங்களுள் பெரும்பங்கு இலங்கைக்கு உரியவை. மலைக்காடுகள் தோட்டங்களானமை அதற்கு முதன்மைக் காரணமாகக் கூறப்படுகின்றது.

"எமது வயலுக்கும் வனத்துத் தவளைக்கும் யாது தொடர்பு?" என விவசாயப் பெருமக்கள் வினவலாம். நீரே தொடர்பு. தவளையின் மெல்லிய தோல் நீரையும் காற்றையும் உள்ளே விடுவது; நீரிற் கலந்த நஞ்சையும் தடுக்க மாட்டாதது. வாற்பேத்தைப் பருவமோ முழுவதும் ஓடையிலேயே கழிகின்றது. ஆகவே ஓடை கெடின் முதலில் துன்புறுவோருள் தவளையும் ஒன்று. நக்கிள்ஸ் மலையில் ஊறும் நீர் மகாவலியிற் சேர்ந்து, வழியெங்கும் வயல்களை நனைத்துத் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. மேலே தவளைக்கு ஆகாத நீர் கீழே நமக்கு மட்டும் ஆகுமா?

சிங்கராஜ வனம் 1988இலும், நக்கிள்ஸ் உள்ளிட்ட மத்திய மலைநாடு 2010இலும் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. மகிழ்ச்சியே. ஆயினும் வனத்தின் எல்லைக்கல்லுடன் ஓடை நின்றுவிடுவதில்லை. தோட்டங்களூடாகவும் அது பாய்கின்றது. ஓடையின் இருமருங்கிலும் மரங்களை வெட்டாது விடுதல் வேண்டும். அக்கரைகளில் நஞ்சு தெளித்தலைச் சட்டத்தால் தடுத்தல் வேண்டும். இவ்விரண்டையுமே ஆட்சியாளரிடம் நாம் கேட்கின்றோம்.

தவளைக்காகக் கேட்கின்றோமா, நமக்காகவா? இரண்டும் ஒன்றே.