கப்பற் கட்டணமும் இலவசக் குடையும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், செம்பூரில் வாழும் அன்பர் ஒருவர் தம் துணைவியாருடன் நம்மிடம் வந்து இரண்டு தாள்களை நீட்டினார். இரண்டும் உல்லாசக் கப்பற் பயணத்திற்கு ஏஜெண்டுகள் எழுதித் தந்த விலைத் தாள்கள். ஒன்று, மும்பையிலேயே ஏறி இலட்சத்தீவு சென்று மும்பைக்கே திரும்பும் நான்கு இரவுப் பயணம். தலைக்கு 22,000 ரூபாய் முதல். மற்றொன்று, சிங்கப்பூரில் ஏறி மூன்று இரவு கழித்து அங்கேயே இறங்குவது. தலைக்கு 19,000 ரூபாய் முதல். "சிங்கப்பூர்க் கப்பல் இதைப்போல் மூன்று மடங்கு பெரியது; விலையோ குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நீங்கள்தாம் கணக்குப் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார் அவர்.

பணம் அவருடையதன்று என்பதைப் பின்னரே அறிந்தோம். அவருடைய தந்தையார் இரயில்வேப் பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர். பினாங்கில் பிறந்து, 1956ஆம் ஆண்டில் ஆறு வயதுச் சிறுவனாய் 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து நாகப்பட்டினம் வந்து சேர்ந்தவர். 1926இல் கட்டப்பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய அக்கப்பலை நம் சங்கத்து முதியோர் பலர் அறிவர். அதன்பின் அப்பெரியவர் கப்பலேறியதே இல்லை. நாற்புறமும் நீராகத் தோன்றும் காட்சியை இன்னும் ஒருமுறை காணவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கென வங்கியில் மூன்று இலட்சம் ரூபாய் வைத்திருக்கிறார். அவரும் துணைவியாரும், மகனும் மருமகளும், இரண்டு பேரப்பிள்ளைகளுமாக ஆறு பேர்.

தாள்களைத் திறப்பதற்கு முன் நமக்கு வ. உ. சி. அவர்களின் நினைவே வந்தது. 1906இல் அவர் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. உடனே வெள்ளையர் கம்பெனி, கட்டணமே வேண்டாம், ஏறுவோர்க்கு ஒரு குடையும் தருகிறோம் என்றது. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது. இன்று குடை தருவார் இல்லை. 'இரண்டாமவர்க்குக் கட்டணம் இல்லை', 'குழந்தைகள் இலவசம்' என்ற சொற்கள் விளம்பரத்தில் இருக்கின்றன. குடைக்கு உரிய விலை வேறெந்த வரியில் ஏறியிருக்கிறது என்று தேடுவதே கணக்குப் பார்ப்பவர் கடமை.

முதல் தாளை எடுத்துக்கொண்டோம். இந்தியக் கடலில் மும்பையைத் தளமாகக் கொண்டு ஓடுவது கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்'. 1990இல் கட்டப்பெற்று ராயல் கரீபியன் கம்பெனியிடம் நெடுங்காலம் இருந்த இக்கப்பல், 2021 செப்டம்பரில் இங்கே பயணம் தொடங்கியது. ஏறத்தாழ 48,500 டன் அளவுள்ளது, அறைகள் சிறியவை. புதுமணம் கமழும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். 22,000 என்பது கடலைக் காண இயலாத உள்ளறையில் இருவர் சேர்ந்து தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணம், பணியாளர்க்குரிய சேவைக் கட்டணம், சரக்கு சேவை வரி ஆகியவற்றைக் கூட்டினால் அது 31,000 ஆயிற்று. மகனும் மருமகளும் 62,000. அதே அறையில் மேற்படுக்கையில் உறங்கும் பிள்ளைகள் இருவர்க்கும் 30,000. பெரியவர்களுக்குச் சன்னல் உள்ள அறையில் 72,000. ஆக 1,64,000. தீவில் இறங்கிச் சுற்றும் செலவு, டாக்சி, கைச்செலவு எல்லாம் 36,000 என வைத்தால் இரண்டு இலட்சம்.

இரண்டாம் தாள் சிங்கப்பூரிலிருந்து 2022 முதல் ஓடிவரும் 'ஜெண்டிங் டிரீம்' என்ற கப்பலுக்குரியது. 2016இல் கட்டப்பெற்றது, ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேற்பட்டது. நீர்ச்சறுக்கு முதலிய விளையாட்டுகள் பிள்ளைகளை ஈர்ப்பதில் வியப்பில்லை. இங்கும் அதே கூட்டல் வேலைதான். மகன், மருமகள் 56,000, பிள்ளைகள் 40,000, பெரியவர்கள் 62,000, ஆக 1,58,000. இவ்வளவில் பார்த்தால் சிங்கப்பூர்க் கப்பலே ஆறாயிரம் மலிவு. ஏஜெண்டு தம் தாளை இந்த இடத்தில் முடித்திருந்தார்!

நாம் முடிக்கவில்லை. முதலாவது ஆறு பேருக்கு நான்கு இரவு, அதாவது இருபத்துநான்கு படுக்கை. இரண்டாவது மூன்று இரவு, பதினெட்டே படுக்கை. வகுத்துப் பார்த்தால் ஒரு படுக்கைக்கு முன்னதில் 6,833 ரூபாய், பின்னதில் 8,778 ரூபாய். கப்பல்களை ஒப்பிடுவோர் மொத்தத் தொகையை ஒப்பிடாது இவ்வாறு இரவுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். 'மூன்று இரவு நான்கு பகல்' என்று அச்சிடுவதிலும் ஒரு நயம் உண்டு. முதல் நாள் மாலை நான்கு மணிக்குக் கப்பல் புறப்பட்டு, கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டால், மூன்று இரவுக்குக் கிடைப்பது அறுபத்தைந்து மணி நேரமே. நான்கு பகலில் இரண்டுதான் முழுப் பகல்.

இனி, கப்பல் வரை சென்று சேரும் செலவு. விமானக் கட்டணம் தலைக்கு 28,000 வீதம் 1,68,000, விசாவுக்கு 24,000, கப்பல் புறப்படும் நாளில் விமானம் தாமதித்தால் கப்பல் காத்திராது ஆகையால், முன்னாளே சென்று தங்க இரண்டு அறைக்கு 30,000, காப்பீடும் அங்குள்ள செலவும் 20,000. எல்லாம் கூட்டினால் நான்கு இலட்சம்! இவை இந்த ஒரு குடும்பத்தின் எண்கள். பள்ளி விடுமுறை, பருவம், பதிவு செய்யும் நாள் ஆகியவற்றால் மாறும். மேலும், வெளிநாட்டுப் பயணத் தொகுப்பை இங்குள்ள ஏஜெண்டிடம் வாங்கினால், வருமானவரிக் கணக்கில் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்துக்கொள்வர். கணக்குத் தாக்கல் செய்து அதைப் பெறலாமெனினும் அன்றைக்குக் கையிலிருந்து போவது போவதே.

பெரியவரிடம் இருப்பது மூன்று இலட்சம். மீதிக்கு என்ன வழி என்று கேட்டோம். அன்பர் துணைவியாரை நோக்கினார். அம்மையார் தரையை நோக்கினார். வங்கியில் கடன் பெற்று மாதத் தவணையில் அடைப்பதாக இருவரும் முடிவு செய்திருந்தனர். "அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வரமாட்டார்" என்றார் அன்பர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லவேண்டும். விமானச் செலவை முழுதும் கப்பலின் தலையில் ஏற்றுவது எல்லார்க்கும் நியாயமான கணக்கன்று. சிங்கப்பூரில் உடன்பிறந்தார் இருந்து, எவ்வாறாயினும் அங்கே போகவிருப்பவர்க்கு, மூன்று இரவுக் கப்பல் நல்ல சேர்க்கை. அவர் கூட்டவேண்டியது 1,58,000 மட்டுமே. அதற்கு அப்பெருங்கப்பல் தரும் இன்பமும் மிகுதி. இக்குடும்பத்திற்குச் சிங்கப்பூரில் ஒருவரும் இல்லை.

கப்பலில் ஏறிய பின் நேரும் செலவில் நாமும் தேறியவர் அல்லர். முன்பு ஒருமுறை வேறொரு கம்பெனியின் கப்பலில் சென்றபோது, உணவு கட்டணத்திலேயே அடங்கும் என்ற நம்பிக்கையில் காசைப் பற்றி மறந்தோம். கையில் காசு புழங்காது. அறையின் அட்டையைக் காட்டினால் போதும். நம் பிள்ளைகள் காட்டினார்கள். இறங்கும் நாள் காலையில் கதவின்கீழ்ச் செருகியிருந்த பட்டியல் 11,400 ரூபாய்! இணைய வசதி, பழச்சாறு, ஐஸ்கிரீம், நாம் கேளாமலே எடுத்த நிழற்படம் என்று வரிசையாக இருந்தது. ஏறிய அன்றே பிள்ளைகளின் அட்டைக்குச் செலவு வரம்பு உண்டா என்று கப்பல் அலுவலரைக் கேட்பது நல்லது. கப்பல் மருத்துவரின் கட்டணமும் தனி.

பெரியவரின் துணைவியார்க்கு முழங்கால் வலி உண்டு. இலட்சத்தீவில் பெருங்கப்பல் கரையை அணுகாது. தொலைவில் நங்கூரம் பாய்ச்சி, பயணிகளைச் சிறு படகில் இறக்கிக் கொண்டுபோவர். அலை மிகுந்தால் அதுவும் நிற்கும். ஆதலின் கரையில் சுற்றும் கட்டணத்தை ஆறு பேருக்கும் முன்பே கட்டாமல் நால்வர்க்கு மட்டும் கட்டுமாறும், படகு நின்றுபோனால் அப்பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுமாறும் கூறினோம். உள்நாட்டுப் பயணமாதலால் பாஸ்போர்ட்டு வேண்டியதில்லை என்பது அம்மையார்க்குப் பெரிய ஆறுதல். அவரிடம் அது இல்லை.

முன்பணத்தைப் பற்றியும் எச்சரித்தோம். 2019இல் மும்பையில் தொடங்கிய ஜலேஷ் என்னும் கப்பற் கம்பெனி, பெருந்தொற்றுக் காலமான 2020இல் மூடப்பட்டது. அதன் 'கர்ணிகா' கப்பல் ஆலங்கில் உடைக்கப்படுவதற்குச் சென்றது. 2023 நவம்பரில் இத்தாலியக் கம்பெனியின் 'கோஸ்டா செரீனா' நம் கடற்கரையில் ஓடத் தொடங்கியது. அதுவும் சில திங்களுக்கே. இந்தியக் கடலில் போட்டி ஒரு பருவம் வருகிறது, மறு பருவம் மறைகிறது. முழுத் தொகையையும் ஓராண்டுக்கு முன்பே கட்டினால் தள்ளுபடி என்பார் சொல்லுக்கு நாம் இசைய மாட்டோம்.

பத்து நாளுக்குப் பின் பெரியவரே தொலைபேசியில் அழைத்தார். மகன் கடனைப் பற்றிச் சொல்லிவிட்டார் போலும்; அதைப்பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. சனவரித் திங்களில் மும்பைக் கப்பலுக்குப் பதிவாகிவிட்டது என்றார். பிள்ளைகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பின்னர்க் கப்பலில் நீச்சற்குளம் உண்டென்று அறிந்து சற்றே இறங்கிவந்தனராம். எஞ்சிய ஓர் இலட்சத்தை வங்கியிலேயே விட்டிருக்கிறார். "சன்னல் அறைக்குத் தலைக்கு ஐயாயிரம் கூட என்று போட்டிருக்கிறதே, அது வேண்டுமா? நான் எப்படியும் மேல்தளத்தில்தானே இருப்பேன்" என்று கேட்டார். அம்மையார்க்கு வேண்டும் என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்து, சரி என்றார்.

அடுத்த திங்கள், ஊர்ப் பயணத்திற்கு இரயிலில் மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப்படுக்கை பெறும் முறை பற்றி எழுதுவோம்.