கடைசியில் கேட்டால் போதாது



உங்களில் சிலர் வீடியோ கேம் செய்யும் வேலையில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் வீட்டில் அதை விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது இரு தரப்புக்கும்.

வேறொரு இனத்தாரின் வாழ்வைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம் என்று கேம் செய்பவர்கள் பலர், ஆட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, உடையையும் வீட்டையும் மேலே பூசுகிறார்கள். "நோக்கம் நல்லதுதானே சார்?" என்பீர்கள். நோக்கத்துக்கு மார்க் கிடையாது.

டென்மார்க் நிறுவனம் ஒன்று அடிமை வணிகத்தைப் பற்றி 2013-ல் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கேம் செய்தது. அதில் ஒரு பகுதியில், டெட்ரிஸ் கட்டைகளைப் போல ஆப்பிரிக்க மனிதர்களைக் கப்பலுக்குள் இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். கொடுமையைப் புரியவைக்கத்தான் என்றார்கள். 2015-ல் பெரும் எதிர்ப்பு கிளம்பியபின் அந்தப் பகுதியை நீக்கினார்கள். கேமில் கை செய்வதுதான் பாடம். அங்கே பிள்ளையின் கை கற்றது இன்னும் ஓர் ஆளைத் திணிப்பதை.

2014-ல் வந்த 'நெவர் அலோன்' கேமைப் பாருங்கள். அலாஸ்காவின் இனுபியாட் மக்களின் கதை. அங்குள்ள பழங்குடியினருக்கான குக் இன்லெட் கவுன்சில்தான் அதைத் தொடங்கிப் பணமும் போட்டது. கேம் செய்யத் தெரிந்தவர்கள் வெளியார். ஆனால் பெரியவர்களும் கதைசொல்லிகளும் ஆரம்பம் முதல் கூடவே இருந்தார்கள். மூலக்கதையைச் சொன்ன ராபர்ட் கிளீவ்லண்டின் மகளைத் தேடிப்போய்ச் சம்மதம் வாங்கினார்கள். கதை அவர்கள் மொழியிலேயே ஒலிக்கிறது. ஒரு சிறுமியும் நரியும் ஓயாத பனிப்புயலின் காரணத்தைத் தேடிப் போகிறார்கள். ஒன்றை விட்டு மற்றொன்று முன்னேற முடியாது. ஒருவரையொருவர் சார்ந்து வாழ்வது என்ற அவர்களுடைய நெறி, அங்கே ஆட்டத்தின் விதியாகவே இருக்கிறது.

வெளியார் செய்யக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் முடித்தபின் ஒருவரைக் கூப்பிட்டு "சரியா பாருங்க" என்பது கலந்தாலோசனை ஆகாது, கையெழுத்து வாங்குவது. "இது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு முதல் நாளிலேயே வேண்டும்.

நாளும் செலவும் கூடும் என்பார்கள். கூடட்டும். முடியாதென்றால் உங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையை வைத்துச் செய்யுங்கள்.

பெற்றோர்களே, "கல்வி" என்ற முத்திரையைப் பார்த்து வாங்காதீர்கள். இதைச் செய்தபோது அந்த மக்கள் கூட இருந்தார்களா, இதில் என் பிள்ளையின் கை என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.