நொதியைத் திட்டாதீர்கள்!

வைக்கோலில் இருந்து எத்தனால் எடுப்பதைப் பற்றிப் பேசினாலே எங்கள் வகுப்பில் வரும் முதல் கேள்வி, "அதுக்கு நல்ல நொதி கண்டுபிடிச்சாச்சா?" என்பதுதான். என்னைக் கேட்டால், நொதி எப்போதோ கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்களை அரித்த டிரைகோடெர்மா ரீசெய் பூஞ்சைதான் இன்றும் செல்லுலேஸ் தயாரிப்பின் முதுகெலும்பு. பருத்தி கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ், எளிதாகத் தின்றுவிட்டது. வைக்கோல் அப்படியா?

இங்கே செல்லுலோஸ் இழைகளை ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் இறுக்கிப் போர்த்தியிருக்கின்றன. போதாக்குறைக்கு சிலிகா வேறு. நொதியோ பெரிய புரத மூலக்கூறு. நுழைய வழியில்லாமல் அது என்ன செய்யும்? பதப்படுத்தாத வைக்கோலில், இருக்கும் சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கு தேறுவதே பெரும்பாடு. மட்டை உரிக்காத தேங்காயைக் கொடுத்துவிட்டு, துருவி மொக்கை என்று திட்டுகிறோம்!

ஆக, உண்மையான சண்டை முன்பதப்படுத்தலில்தான். அதிலும் ஆய்வகத்தில் ஜெயிப்பது சுலபம். நீர்த்த அமிலம் ஹெமிசெல்லுலோஸைக் கரைக்கும். காரம் லிக்னினை அகற்றும். 200 டிகிரியை ஒட்டிய நீராவியில் அழுத்தி, சட்டென்று திறந்துவிட்டால் நார் பிரிந்துவிடும். ஆனால் சூடு மிஞ்சினால் ஃபர்ஃபுரால் உருவாகி ஈஸ்ட்டை முடக்கும். அமிலம் இயந்திரத்தை அரிக்கும். காரத்தைக் கழுவத் தண்ணீர் கொட்ட வேண்டும்.

அமெரிக்காவின் அயோவாவில் போயட்-டிஎஸ்எம் ஆலை 2014இல் திறந்தது. தங்களுக்குப் பெரிய முட்டுக்கட்டையாக இருந்ததே முன்பதப்படுத்தல்தான் என்று 2017இல் அவர்களே சொன்னார்கள். 2019இல் வணிக உற்பத்தி நின்றது. அரசுக் கொள்கை, சந்தை என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயலில் இருந்து வருவது, நாம் கழுவி, உலர்த்தி, அரைத்து வைக்கும் பொடி இல்லையே! மண்ணும் ஈரமும் சேர்ந்த கட்டு அல்லவா வருகிறது?

அதனால் என் கட்சி இதுதான்: "90 சதவீதம் சர்க்கரை கிடைத்தது" என்று மட்டும் சொல்லும் ஆய்வுக்கு மதிப்பெண் போடக்கூடாது. ஒரு கிலோ சர்க்கரைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரசாயனம், எவ்வளவு வெப்பம் என்று கேட்க வேண்டும்.

ஹரியானாவின் பானிபட்டில் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலையின் இலக்கு, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால். அந்தப் பக்கத்து விவசாயிக்கு நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே சில வாரங்கள்தான். வைக்கோலை வாங்க ஆள் வராவிட்டால் தீக்குச்சிதான் அவருக்குத் தெரிந்த மலிவான முன்பதப்படுத்தல். அந்தப் புகை டெல்லி வரை போகிறது. நாம் இன்னும் நொதியையே திட்டிக்கொண்டிருக்கலாமா?