பஸ் நின்றால் யார் மீது கோபம்?



சூலியா தெருவில் பஸ்ஸுக்காகக் காத்து நின்ற அனுபவம் பினாங்குத் தமிழர்களில் பலருக்கு உண்டு. கடை வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் பாதுகாவலர் வேலைக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கும் போகிறவர்கள் நாம். பஸ் அரை மணி நேரம் தாமதமானால் நமக்குச் சம்பளத்தில் வெட்டு விழும். அந்தக் கோபத்தை யார் மீது காட்டுகிறோம்? கண்ணுக்குத் தெரிகிற ஓட்டுநர் மீதுதான்.

உங்களிடம் ஒரு கேள்வி. நாளைக்கே அந்த ஓட்டுநர்கள் "சம்பளம் போதவில்லை, தூக்கம் போதவில்லை" என்று வண்டியை நிறுத்தினால் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள்? நிறுத்தத்தில் காத்து நிற்கும் வேளையில் யோசித்தால் கோபம்தான் பதில் சொல்லும். ஆகவே இப்போதே யோசிப்போம்.

2012 நவம்பர் 26-ஆம் தேதி சிங்கப்பூரில் எஸ்.எம்.ஆர்.டி. நிறுவனத்தின் 171 பஸ் ஓட்டுநர்கள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் 88 பேர் போகவில்லை. அனைவரும் சீன நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அவர்களுக்கு மாத அடிப்படைச் சம்பளம் 1,075 சிங்கப்பூர் வெள்ளி. அதே பஸ்ஸை ஓட்டிய மலேசிய ஓட்டுநருக்குச் சுமார் 1,400 வெள்ளி. பஸ்ஸும் பாதையும் பயணிகளும் ஒன்றுதான். கடப்பிதழ் மட்டும் வேறு! தங்குமிடமும் தருகிறோம் அல்லவா என்று நிறுவனம் காரணம் சொன்னது. அந்தத் தங்குமிடத்தின் நெரிசலும் மூட்டைப்பூச்சியும்கூட அவர்களுடைய புகார்ப் பட்டியலில் இருந்தன.

முடிவு என்ன? பொதுப் போக்குவரத்து அத்தியாவசியச் சேவை என்பதால் 14 நாள் முன்னறிவிப்பு இல்லாத வேலை நிறுத்தம் அங்கே குற்றம். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 29 பேர் நாடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். சுமார் 150 பேருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. 1986-க்குப் பிறகு சிங்கப்பூர் கண்ட முதல் வேலை நிறுத்தம் அதுதான். நிர்வாகமும் தன் குறைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அந்நாட்டு மனிதவள அமைச்சே சொன்னது. ஆனால் அதைச் சொல்ல வைத்தவர்களில் 29 பேர் விமானம் ஏற்றப்பட்டார்கள்.

"சீனாக்காரன் பிரச்சினை நமக்கெதற்கு? நமக்கே ஆயிரம் பிரச்சினை" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் நம் பாட்டன்மார்களின் கதையில் இருக்கிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியைத் தமிழனுக்கும் கொடு என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. வெள்ளைக்காரத் துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1941-இல் குறைந்த கூலி வாங்கியவன் தமிழன். 2012-இல் குறைந்த சம்பளம் வாங்கியவர் சீன நாட்டுக்காரர். கூடுதலாக வாங்கிய மலேசியர்களில் நம்மவர்களும் உண்டு. ஆட்கள் இடம் மாறினார்களே தவிர கணக்கு மாறவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு விலை வைத்தால் கூட வாங்குகிறவனும் குறைய வாங்குகிறவனும் ஒன்று சேர மாட்டார்கள். அதுதான் அந்தக் கணக்கு.

2012-இல் மலேசிய ஓட்டுநர்கள் அந்த வேலை நிறுத்தத்தில் சேரவில்லை. அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஜொகூரில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் காத்திருக்கும்போது யாருக்கும் பயம் வரும். ஆனால் அந்தப் பயத்தை நம்பித்தான் இரண்டு விலை நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கேயும் அதே கதைதான். "வங்காளதேசிகள் வந்ததால் நம் சம்பளம் குறைந்துவிட்டது" என்று நம் வீடுகளில் பேசுகிறோம். சம்பளத்தை நிர்ணயிப்பது வங்காளதேசியா, முதலாளியா? சூலியா தெருவின் பெயரே கடல் கடந்து வந்த தென்னிந்திய முஸ்லிம்களைக் குறிக்கும் பெயர். அந்தத் தெருவில் நாகூர் தர்காவும், அருகே குயின் தெருவில் மாரியம்மன் கோயிலும் எழுந்தது வந்தவர்களின் உழைப்பால். மலிவான கூலிக்கு வந்தவர்கள் என்று ஒரு காலத்தில் நம்மைத்தான் சொன்னார்கள். அந்தப் பேச்சை இன்று நாமே இன்னொருவன் மீது வீசலாமா?

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். மலேசியாவில் வேலை நிறுத்தம் செய்யும் உரிமை ஏட்டில் உண்டு. ஆனால் தொழிற்சங்கம் மூலம்தான் செய்ய வேண்டும். ரகசிய வாக்கெடுப்பில் உறுப்பினர்களின் ஒப்புதல் பெற வேண்டும். போக்குவரத்து இங்கேயும் அத்தியாவசியச் சேவை, ஆகவே 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதற்குள் விவகாரம் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டால் அதன்பின் வேலை நிறுத்தம் சட்டவிரோதம். கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நான்கு வேலி போட்டதைப் போன்ற உரிமை இது.

சங்கம் இல்லாதவனுக்கு அந்தக் கதவும் இல்லை. ஆகவே பஸ் ஓட்டும் அப்பாக்களே, அண்ணன்மார்களே, இவற்றைத் தெரிந்து வையுங்கள்.

2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அது அடிப்படைச் சம்பளம். அலவன்ஸைச் சேர்த்து 1,700 என்று காட்டுவது கணக்கில் வராது.

2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 45 மணி. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓவர்டைம் சேர்த்தும் சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது.

ஓவர்டைம் காசுக்கு இ.பி.எஃப். பிடிப்பதில்லை. அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாக வைத்து ஓவர்டைமில் வயிற்றை நிரப்பினால், 55 வயதில் கையில் நிற்பது சொற்பம். இன்றைய சோற்றுக்கு நாளைய சோற்றை அடகு வைக்கிறோம்.

ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவுக்கு மனுச் செய்யலாம். 2024 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் சங்கம் அமைப்பதில் இருந்த பழைய கட்டுப்பாடுகள் சிலவற்றைத் தளர்த்தியிருக்கிறது.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. 2013-இல் கெந்திங் மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்து 37 பேர் மாண்டார்கள். 2025 ஜூனில் கிரிக் அருகே பஸ் விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஓட்டுநர் என்ன செய்தார் என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை மணி நேரமாக ஓட்டினார், வண்டியைப் பராமரித்தது யார், உரிமம் யார் பெயரில் என்ற கேள்விகள் பிறகுதான் வருகின்றன. விபத்துக்கு முன்பே அந்தக் கேள்விகளைக் கேட்கிறவர் யார்? சம்பளத்துக்கும் ஓய்வுக்கும் போராடுகிற ஓட்டுநர்தான். அவருடைய தூக்கம் உங்கள் பிள்ளையின் உயிர்.

அடுத்த முறை எங்காவது பஸ் நின்றால் இரண்டு விஷயம் செய்யுங்கள். ஓட்டுநரை ஏசுவதற்கு முன் அவர் என்ன கேட்கிறார் என்று விசாரியுங்கள். நியாயம் என்று பட்டால் அதை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடமும் பஸ் நிறுவனத்திடமும் சொல்லுங்கள். வேலைக்குத் தாமதமாவது நமக்கும் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தின் பில்லை ஓட்டுநரிடம் நீட்டாமல், அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவரிடம் நீட்டுவோம்.

சிறுபான்மை இனம் உரிமை கேட்கும்போது "எங்களுக்கு மட்டும்" என்று கேட்டால் அது சலுகை ஆகிவிடும். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் என்று கிள்ளானில் நம்மவர்கள் உயிரைக் கொடுத்துக் கேட்டார்கள். அதை எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கோரிக்கைக்கு நாம் உண்மையான வாரிசுகள்.

சிந்தியுங்கள், உறவுகளே. இன்றே வீட்டில் பேசுங்கள்.