விளம்பரத்தில் 1 லட்சம் டாலர்... குடியேறும்போது எவ்வளவு? லாக் வீட்டின் பட்ஜெட் கணக்கு!

பனி மூடிய காடு. தனி ஆளாக ஒருவர் மரத்தை வெட்டுகிறார், பட்டையை உரிக்கிறார், கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். இருபதாவது நிமிடத்தில் வீடு தயார். புகைபோக்கியில் புகை வருகிறது. யூடியூபில் இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர்கள் குறைவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிலர் பெருமூச்சோடு நிற்பதில்லை. நிஜமாகவே அப்படி ஒரு வீடு கட்டக் கிளம்பிவிடுகிறார்கள். வீடியோவில் காட்டாத ஒன்று அப்போதுதான் கைக்கு வருகிறது: பில்!

லாக் ஹோம் என்பது பலகை அடித்த வீடு அல்ல. முழு மரக்கட்டைகளைப் படுக்கைவசத்தில் அடுக்கி, மூலைகளில் வெட்டிப் பூட்டினால் அதுவே சுவர். ஆபிரகாம் லிங்கன் 1809-ல் கென்டக்கியில் பிறந்தது இப்படி ஓர் ஒற்றை அறை வீட்டில்தான். அன்று அது ஏழைகளின் வீடு. காட்டில் மரம் இருந்தது, கையில் கோடரி இருந்தது, உதவிக்கு அக்கம்பக்கத்தார் இருந்தார்கள். இன்றோ பெரும்பாலும் சாதாரண வீட்டைவிட அதிகச் செலவு வைக்கும் ஆசை அது.

கிட் விலை வீட்டு விலை அல்ல

இன்று பலரும் காட்டில் மரம் வெட்டுவதில்லை. கம்பெனியிடம் 'கிட்' வாங்குகிறார்கள். வீட்டின் பிளானுக்கு ஏற்ப அறுத்து, எண் போட்ட கட்டைகள் லாரியில் வந்து இறங்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த கிட்டின் விலைதான்.

நம் ஊரில் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று கான்ட்ராக்டர் சொல்லும் ரேட்டை நம்பி இறங்கியவர்களுக்கு இது புரியும். போர்வெல், சம்ப், காம்பவுண்ட் சுவர், இ.பி. இணைப்பு எல்லாம் பிறகு தனித்தனியாக வந்து நிற்கும். அங்கேயும் அதே கதைதான்.

சில கிட்டுகளில் சுவர்க் கட்டைகள் மட்டுமே இருக்கும். சிலவற்றில் கூரை, கதவு, ஜன்னல் வரை இருக்கும். அஸ்திவாரம், கட்டைகளைத் தூக்கி அடுக்கும் கூலி, கிரேன் வாடகை, வயரிங், பிளம்பிங், ஹீட்டிங், சமையலறை, தரை எல்லாம் பொதுவாக வெளியே. அதனால்தான் கிட் விலையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருந்தால்தான் வீடு முடியும் என்பதை இந்தத் தொழிலில் தோராயக் கணக்காகச் சொல்கிறார்கள். நிலத்தின் விலை இதில் சேராது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

புரிவதற்காக ஓர் உதாரணம். நிலத்தை ஏற்கெனவே வாங்கிவிட்ட ஒரு தம்பதியிடம் சேமிப்பும் லோனுமாக 3,00,000 டாலர் இருக்கிறது. 1,00,000 டாலர் கிட்டைப் பார்க்கிறார்கள். 'மூன்று மடங்கு போட்டாலும் சரியாக இருக்கிறதே' என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல்.

முதலில் எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம், அதாவது 45,000 டாலரை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். பாக்கி 2,55,000.

அடுத்தது மனையைத் தயார் செய்யும் செலவு. காட்டோரம் மனை வாங்கினால் குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் பெரும்பாலும் இருக்காது. கிணறு தோண்ட வேண்டும், செப்டிக் டேங்க் வைக்க வேண்டும், மின்கம்பி இழுக்க வேண்டும். நீளமான லாரி வந்து திரும்புகிற அளவுக்குப் பாதையும் போட வேண்டும். இதற்கு 45,000 என்று வைத்துக்கொண்டால், மீதி 2,10,000. அதை மூன்றால் வகுத்தால் 70,000.

ஆக, அந்தத் தம்பதிக்குக் கட்டுப்படியாகும் கிட் 70,000 டாலருக்குள்தான். 1,00,000 டாலர் கிட்டுக்கு முன்பணம் கொடுத்தால், சுவர் நிற்கும். கூரைக்கு வரும்போது பணம் நிற்காது. கூரை இல்லாத கட்டைச் சுவர் மழையில் நனைந்தால் கறுக்கும், பூஞ்சை பிடிக்கும், நாளடைவில் உளுக்கவும் செய்யும். பாதியில் நிறுத்தினால் செங்கல் சுவரைவிட மரச்சுவருக்கு ஆபத்து அதிகம்.

சுவர் கீழே இறங்கும்!

மரத்தில் உள்ள ஈரம் காயக் காய, கட்டை சுருங்கும். நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கட்டைகள் படுக்கைவசத்தில் இருப்பதால் ஒவ்வொன்றின் சுருக்கமும் சேர்ந்து, சுவரின் உயரமே குறையும். பச்சை மரமாக இருந்தால் 8 அடிச் சுவர் சில ஆண்டுகளில் சில அங்குலம் இறங்கிவிடும். நட்டமாக நிற்கும் தூண்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

இதைச் சமாளிக்க ஜன்னல், கதவுக்கு மேலே இடைவெளி விட்டு, அதைச் சட்டத்தால் மறைப்பார்கள். தூண்களுக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்து அவ்வப்போது இறக்குவார்கள். மாடிப்படி, பைப் லைன் எல்லாம் இந்த அசைவுக்கு இடம் கொடுத்தே பொருத்தப்படும். இதைச் செய்து பழகிய ஆட்கள் வேண்டும். கூலியும் அதற்கேற்ப இருக்கும். சூளையில் உலர்த்திய கட்டை விலை கூடுதல்தான். ஆனால், சுருக்கம் குறைவு. எந்த மரம் என்பதோடு, அதன் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்பதையும் கேட்டுவிட்டே விலை பேச வேண்டும்.

பேங்க் பணம் எப்போது வரும்?

கட்டுமான லோனை வங்கிகள் மொத்தமாகத் தருவதில்லை. அஸ்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துவிட்டுத்தான் விடுவிக்கும். கிட் கம்பெனியோ ஆர்டரின்போது முன்பணமும், கட்டைகளை இறக்கும்போது பாக்கியும் கேட்கும். சுவர் எழுந்த பிறகு வரும் பணத்தை நம்பி, சுவருக்கான கட்டையை வாங்க முடியாது. இந்த இடைவெளியைச் சமாளிக்கக் கையில் ரொக்கம் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அக்கம்பக்கத்தில் விற்ற அதே மாதிரி வீடுகளை வைத்துத்தான் மதிப்பீட்டாளர் விலை போடுவார். அந்த வட்டாரத்தில் லாக் வீடே இல்லையென்றால், மதிப்பு குறைவாக வரலாம், லோனும் குறையலாம். அதனால், கிட்டை ஆர்டர் செய்வதற்கு முன்பே வங்கியிடம் பேசிவிட வேண்டும்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

மூலைகளில்! ஒவ்வொரு மூலைக்கும் தனி வெட்டு, தனிக் கூலி. நான்கு மூலையோடு முடியும் நீள்சதுர வீடும், நேரான இருபுறச் சரிவுக் கூரையும் செலவைக் கணிசமாகக் குறைக்கும். பெயின்ட், தோட்டம், தரை பாலிஷ் போன்ற வேலைகளைக் குடும்பமே செய்யலாம்.

அஸ்திவாரத்திலும் கூரையிலும் மட்டும் கைவைக்கக் கூடாது. கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தால்தான் மழைச் சாரல் கட்டையில் படாது. குளிருக்கும் கூரைதான் முக்கியம். 6 அங்குலக் கட்டைச் சுவர், பஞ்சு அடைத்த சாதாரண மரச்சட்டச் சுவர் அளவுக்கு வெப்பத்தைத் தடுப்பதில்லை என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. கனமான மரம் வெப்பத்தைத் தேக்கிவைத்து அதில் ஓரளவை ஈடுகட்டும். மீதியை ஈடுகட்ட, கூரைக்கு அடியில் நல்ல இன்சுலேஷன் வேண்டும். கட்டைகளுக்கு நடுவே காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும்.

குடியேறிய பிறகும் செலவு

வெயிலும் மழையும் படும் வெளிச்சுவருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி மரப்பூச்சு அடிக்க வேண்டும். அங்கே தெற்கு, மேற்குச் சுவர்கள்தான் முதலில் வெளுக்கும். இடைவெளி அடைப்புகளையும் பூச்சி அரிப்பையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தீயணைப்பு நிலையம் தொலைவில் இருந்தால் காப்பீட்டுப் பிரீமியம் கூடலாம். மாதத் தவணையைக் கணக்குப் போடும்போதே இவற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்கியாக வேண்டும்.

கையெழுத்துக்கு முன் 5 கேள்விகள்

* கிட்டில் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை?
* கட்டையின் ஈரப்பதம் எவ்வளவு, சுவர் எத்தனை அங்குலம் இறங்கும்?
* லாரிச் செலவு, இறக்குகூலி, கிரேன் வாடகை யாருடையது?
* கட்டைகள் தாமதமாக வந்தாலோ, வளைந்து வந்தாலோ யார் பொறுப்பு?
* இந்த கம்பெனி கிட்டில் கட்டி, ஐந்து வருடம் ஆன வீட்டை நேரில் பார்க்க முடியுமா?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. புது வீடு எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஐந்து மழைக்காலமும் ஐந்து பனிக்காலமும் பார்த்த வீட்டில்தான் ஜன்னல் சரியாகத் திறக்கிறதா, அடிக்கட்டை கறுத்திருக்கிறதா, ஹீட்டிங் பில் எவ்வளவு வருகிறது என்பதெல்லாம் தெரியும். மற்ற நான்குக்கும் பதில் எழுத்தில் வரட்டும். அதுவரை செக் புக் பீரோவிலேயே இருக்கட்டும்!