பிள்ளையின் பங்கு பிள்ளைக்கே: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கரையோர மக்களின் கோரிக்கைச் சாசனம்

மணமுறிவுக்குப் பிறகு தாய் வேறொருவரோடு சேர்ந்து வாழத் தொடங்கினால், பிள்ளைக்குக் கொடுத்துவந்த பணத்தைத் தகப்பன் நிறுத்திவிடுகிறார். வீட்டுக்கு வந்த புதிய மனிதருக்கு அந்தப் பிள்ளையைக் காக்கும் சட்டக் கடமை கிடையாது, பெற்றவருக்கு உண்டு. ஆகவே செங்கல்பட்டு குடும்பநல நீதிமன்றத்திடமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் அரசிடமும் கேட்கிறோம்.

தாயின் ஜீவனாம்சத்தையும் ஒவ்வொரு பிள்ளையின் பங்கையும் உத்தரவில் தனித்தனியே எழுதுங்கள். தகாத உறவில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு சொல்வது மனைவியின் தொகைக்கு மட்டுமே பொருந்தும். ஒரே தொகையாக எழுதிவிட்டால், தாய்மீது தொடுக்கும் வழக்கு பிள்ளையின் சோற்றிலும் கைவைக்கிறது.

தொகையைக் குறைக்கவோ கூட்டவோ அதே சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி மனு போடலாம். வருமானம் உண்மையிலேயே விழுந்துபோன தகப்பனும் போடட்டும், அவர் சொல்வதையும் கேளுங்கள். ஆனால் நீதிமன்றம் மாற்றும்வரை பழைய உத்தரவே செல்லும். தானாக நிறுத்தியவர்மீது மனு வந்ததும் வாரண்டு பிறப்பியுங்கள். ஓராண்டுக்குள் கேட்காத நிலுவைக்கு வாரண்டு கிடைக்காது. வாய்தாவுக்கு அஞ்சித் தயங்கும் தாய்மார் அந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

இடைக்காலப் பராமரிப்பு மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் இயன்றவரை முடிக்கச் சட்டம் சொல்கிறது. மாற்றம் கோரும் மனுவுக்கும் அதே கெடு வேண்டும்.

இங்கே பலருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. படகில் பங்கு, சிற்பக்கூடத்தில் கூலி, விடுதிகளில் தினக்கூலி. இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்று ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இலேயே சொல்லிவிட்டது. அதைக் கண்டிப்பாக வாங்குங்கள். கைப்பேசியில் வந்த பணத்தையும் கணக்கில் எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கித் தொகை குறித்தால், கடலுக்குப் போகவில்லை என்ற சாக்கு எடுபடாது. பள்ளிச் செலவு வந்து நிற்பதும் அந்த ஜூனில்தான்.

தாயின் படுக்கையறையைப் பற்றிய குறுக்குக் கேள்விகளைப் பிள்ளையின் பங்கு குறித்த விசாரணையில் அனுமதிக்காதீர்கள். பிள்ளைக்கு என்ன தேவை, பெற்றவரால் எவ்வளவு முடியும் என்பதை மட்டும் கேளுங்கள்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. அதற்காகக் கோவளத்துப் பெண்ணும் சதுரங்கப்பட்டினத்துப் பெண்ணும் ஒரு நாள் கூலியை விட்டுச் செங்கல்பட்டுக்குப் பேருந்து ஏற வேண்டாம். மாதம் ஒருநாள் மாமல்லபுரத்தில் முகாம் போட்டு மனு வாங்குங்கள்.

இவற்றில் எதற்கும் புதுக் கட்டடம் தேவையில்லை. வரும் தடைக்காலம் தொடங்குவதற்குள் முதல் முகாமின் தேதியை அறிவியுங்கள்.